சுவரில் பதிந்த கன்னம்

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். என் கணவருக்கு அரூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. எனக்கு முப்பது வயது, குழந்தை இல்லை. ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பு இடது காதுக்கு முன்னால் லேசாகப் பட்டது. பட்ட இடத்திலிருந்து தாடை வரைக்கும் ஒரு மின்னல் ஓடியது. சீப்பு கையிலிருந்து விழுந்தது. என்னவென்று நினைப்பதற்குள் அது போய்விட்டது. மறுநாள் வாய் கொப்பளிக்கும்போது வந்தது. அதற்கடுத்த நாள் வாசலில் நின்றபோது காற்று முகத்தில் பட்டதும் வந்தது.

பிறகு அது என்னோடேயே தங்கிவிட்டது. வலி இல்லாத நேரத்திலும் அது வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருப்பேன். சோற்றைக் கரைத்து வலது பக்கமாகவே குடித்தேன். பேசினால் வரும் என்று பேச்சைக் குறைத்தேன். வெளியே போனால் முந்தானையால் இடது கன்னத்தை மூடிக்கொண்டுதான் போவேன்.

சேலத்தில் ஒரு பல் டாக்டர் மூன்று பற்களைப் பிடுங்கினார். மூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்லு என்னமோ நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறந்த ஊரான கம்பைநல்லூரில் எனக்கு மந்திரித்தார்கள். வேப்பிலை கன்னத்தில் பட்டதும் நான் மயங்கி விழுந்தேன். பிடித்தது இறங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். திரும்பி வரும்போது வண்டியிலேயே வலி வந்துவிட்டது.

அந்த வருஷம்தான் சந்தைமேட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். மண்சுவர், ஓட்டுக்கூரை. பின்பக்கம் ஓர் இருட்டு அறை. நெல் மூட்டையும் விறகும் போடுகிற இடம். குடிபோன இரண்டாவது வாரம், உச்சி வேளையில், வலி பிடித்துக்கொண்டது. கணவர் ஆபீசில் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு குளிர்ச்சியாக ஏதாவது கிடைக்காதா என்று தடவித் தடவிப் போய் அந்த அறைச் சுவரில் கன்னத்தை வைத்தேன். சுவர் ஜில்லென்று இருந்தது. கன்னம் சரியாகப் பொருந்தியது. வலி மெல்ல விட்டது.

இப்படி நாலைந்து முறை ஆன பிறகுதான் ஒரு நாள், வலி இல்லாதபோது, அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். சுவரில் ஒரு குழி. கன்ன எலும்புக்கு ஒரு பள்ளம், அதன் கீழே முகவாய்க்கு ஒரு சின்னப் பள்ளம். எண்ணெய் ஏறி வழவழவென்று கறுத்திருந்தது. என் உயரத்துக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. வலது கன்னத்தை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அது இடது கன்னத்துக்கான குழி.

சாயங்காலம் கணவரிடம் காட்டினேன்.

"பூச்சு பேந்திருக்குது. சுண்ணாம்பு அடிச்சா சரியாப் போயிடும்" என்றார்.

சுண்ணாம்பு அடித்தோம். எட்டாம் நாள் மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருக்க, அங்கே மட்டும் அப்பளம் போல உரிந்து விழுந்தது. "எண்ணெ ஊறின செவுத்துல சுண்ணாம்பு நிக்காது" என்றார். நியாயம்தான். ஆனால் யாருடைய எண்ணெய் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரர் காரிமங்கலம் சந்தை வரைக்கும் போய்ப் புளி வியாபாரம் செய்கிறவர். அவர் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். தெருவில் எல்லோரும் பாயம்மா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கல்யாண ரவிக்கைகளுக்கும் தொப்பிகளுக்கும் பூவேலை தைத்துக் கொடுப்பாள். துணியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டுதான் தைப்பாள். தூரப் பார்வை அவ்வளவு இல்லை.

முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். முகமே தெரியாது. வாசற்படியிலேயே நின்று அவள் கேட்டாள்:

"எடது பக்கமாங்க்கா?"

நான் தலையாட்டினேன். அவள் உள்ளே வரவில்லை. பின்னறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஒரு வாரம் அவளைக் காணோம். நானே வேலிப்படல் ஓரம் போய்க் கூப்பிட்டேன். "எடது பக்கம்னு உனக்கு எப்படித் தெரியும் பாயம்மா?"

அவள் தையலைக் கீழே வைத்தாள். "சொன்னா பயப்படுவீங்கன்னுதாங்க்கா வரல. உங்களுக்கு முன்னால அந்த வூட்டுக்குச் சொந்தக்காரரோட சம்சாரம் அங்கதான் இருந்தாங்க. அவங்களுக்கும் இதே நோவுதான். பத்துப் பன்னண்டு வருசம். அந்த ரூம்புல செவுத்துல கன்னத்த வெச்சிக்கிட்டு நிப்பாங்க. சில நேரம் யாருகிட்டயோ பேசற மாதிரி இருக்கும்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியலீங்க்கா. ஒரு நாளு மத்தியானம் ஒல கொதிச்சிக்கிட்டு இருக்குது, கதவு தொறந்து கெடக்குது, அவங்கள மட்டும் காணோம். கெணறு, ஏரி எல்லாம் பாத்தாங்க. கெடைக்கல. அவங்க வூட்டுக்காரரு வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு பெங்களூருப் பக்கம் போயிட்டாரு."

அன்றிலிருந்து பின்னறையைப் பூட்டி வைத்தேன். ஆனால் வலி வந்தால் பயம் எங்கே நிற்கிறது? சாவி இருக்கும் இடம் கைக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் நாளே கதவைத் திறந்து சுவரை நோக்கி ஓடினேன். கன்னத்தை வைத்தவள் வைத்த வேகத்தில் பின்வாங்கினேன்.

குழி சூடாக இருந்தது. வெயில் சூடில்லை; அந்தச் சுவருக்கு வெயிலே வராது. ஒருவர் தலை வைத்துப் படுத்து அப்போதுதான் எழுந்துபோன தலையணையில் இருக்குமே, அந்தச் சூடு.

சாயங்காலம் கணவர் கை வைத்துப் பார்த்தார். "ஜில்லுன்னுதானே இருக்குது?" என்றார். ஜில்லென்றுதான் இருந்தது.

அதைப் பாயம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவுமில்லை, பதறவுமில்லை. "அவங்க உங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க. பாவம், நல்ல மனுசி" என்றாள். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு வெள்ளைத் துணித் துண்டு, ஊசி, நாலு நூல் கண்டு கொண்டுவந்தாள். "கையச் சும்மா வெச்சிக்கிட்டு இருந்தீங்கன்னா காது அந்த ரூம்புப் பக்கமே போவும். ஏதாச்சும் தையுங்க."

எனக்குப் பூவும் கொடியும் வரவில்லை. என்ன தைப்பது என்று தெரியாமல் வலியையே தைத்தேன். காதிலிருந்து தாடைக்கு ஒரு சிவப்புக் கோடு, அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து கிளைகள். தைத்து முடித்ததும் அது என் முகத்துக்கு வெளியே, மடியில் கிடந்தது. அதை வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அன்று இரண்டு மணி நேரம் எதையும் எதிர்பார்க்காமல் இருந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு வேலை முடிந்ததும் அவள் வருவாள். எதிரெதிரே உட்கார்ந்து தைப்போம். பேச்சே இருக்காது, என் வாய் அசையக் கூடாது என்பதால் அவளும் பேசமாட்டாள். வலி வந்தால் தன் ஊசியை நிறுத்திவிட்டு, அது போகும்வரை என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஓதுவாள். முகத்தைத் தொடக்கூடாது என்று நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மாசம் கழித்து ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகத்தைத் தைக்க ஆரம்பித்தேன். சுவரில் கன்னம் வைத்து நிற்கிற பெண்.

"எங்கள்ல உருவம் போடற வழக்கமில்லீங்க்கா. மொகம் நீங்க போடுங்க, சுத்திக் கொடி நான் போடறேன்" என்றாள் பாயம்மா. அப்படியே அவள் ஓரமெல்லாம் பச்சைக் கொடி ஓட்டினாள். யுத்தத்தில் நூலுக்குத் தட்டுப்பாடு. கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் புருவத்தின் நடுவில் ஓர் இடத்தை விட்டுவிட்டேன். கிடைக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று.

அவள் துணியைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு மெதுவாக மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அவங்கள நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லியே."

"சின்ன வயசுல கெணத்து ராட்டினம் பட்டு அவங்களுக்குப் புருவத்துல ஒரு வெட்டு. அங்க மட்டும் முடி மொளைக்காது. நான் இத உங்ககிட்ட சொல்லவே இல்லீங்களே."

கறுப்பு நூல் பிறகு கிடைத்தது. அந்த இடத்தை நான் நிரப்பவில்லை.

அந்தத் துணியை எங்காவது நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தீர்த்தமலைக்குப் போகலாம் என்று கணவரிடம் சொன்னேன். பாறை உச்சியிலிருந்து விழுகிற தீர்த்தத்தில் தலை நனைத்தால் தீராத நோய் தீரும் என்பார்கள். முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே துடிக்கிறவள் நான். அதனாலேயே அதுவரை போகாமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

"நானும் வண்டியில வரேன். மேல வரமாட்டேன். கீழ உக்காந்து அல்லாகிட்ட கேக்கறேன். ரெண்டு எடத்துல கேட்டா எங்கியாவது ஒரு காதுல வுழும்" என்றாள் பாயம்மா.

நானும் கணவரும் ஏறினோம். அன்று கூட்டமே இல்லை. குரங்குகள்கூடச் சத்தமில்லாமல் படியோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. முந்தானையை எடுத்துவிட்டுத் தண்ணீருக்குக் கீழே நின்றேன். முதல் தாரை கன்னத்தில் விழுந்ததும் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் இல்லை, வயதான குரல். பாறையில் பட்டுத் திரும்பி வந்தபோது வேறு யாரோ கத்துகிறார்கள் என்று கணவர் சுற்றிப் பார்த்தார். நான் நகரவில்லை. அதுவரை 'இதை எடுத்துவிடு' என்றுதான் ஈசுவரனிடம் கேட்டிருக்கிறேன். அங்கே அப்படிக் கேட்க வரவில்லை. 'எங்களைத் தனியாக விடாதே' என்றேன். 'எங்களை' என்று ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

துணியைச் சன்னிதியில் வைக்க மனம் வரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் மரத்தடியில் பாயம்மா எழுந்து நின்று எங்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட வந்தவங்க எங்கீங்க்கா?"

"யாரு? நாங்க ரெண்டு பேருதானே?"

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "எனக்கு மூணு பேரு எறங்கற மாதிரி இருந்துச்சு. என் பார்வைதான் தெரியுமே" என்றாள். வண்டியில் திரும்பும்போது துணியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "உங்க வூட்டுல வேணாம். எம் பொட்டியில இருக்கட்டும்."

வலி தீர்ந்ததா என்றால், தீரவில்லை. சில மாசம் வராமலே இருக்கும். பிறகு விட்டதற்கெல்லாம் சேர்த்து வரும். பின்னறைக் குழி சில நாள் சூடாக இருக்கும், சில நாள் இருக்காது. சூடாக இருந்தால், "கொஞ்சம் தள்ளிக்கிங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தை வைக்கப் பழகிவிட்டேன். ஒரு முறை என் கணவர் அதைக் கேட்டுவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர், நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். அடுத்த மாசமே மாற்றலுக்கு எழுதிப் போட்டார்.

தர்மபுரிக்குப் போனோம். புது வீடு வெளிச்சமாக இருந்தது. நான் தையலை விடவில்லை. முதலில் எனக்காகத் தைத்தது, பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் தைப்பதாக ஆயிற்று. ரவிக்கையின் கழுத்துக்கும் கைக்கும் கொடி பாயம்மாவுடையது. நடுவில் வரும் மயிலும் கிளியும் என்னுடையவை. அந்தக் கொடிக்காகவே அவள் மாசம் ஒரு தடவை அரூரிலிருந்து, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் அடுப்புக்கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் வருவாள். புகையும் கரியும் படிந்த முகத்தோடு வாசலில் இறங்கி, "தண்ணி குடுங்க்கா, மொகத்தக் கழுவிக்கறேன்" என்பாள்.

அப்படி அவள் வந்த ஒரு நாளில்தான், நான் இன்றுவரை பட்டதிலேயே கடுமையான வலி வந்தது. தொழுகை நேரம். அவள் பாயை எங்கள் கூடத்திலேயே விரித்திருந்தாள். நான் மறு மூலையில் தூணைக் கட்டிக்கொண்டு, "ஈசுவரா, ஈசுவரா" என்று முனகிக்கொண்டிருந்தேன். அவள் அவசரப்படாமல் தொழுது முடித்தாள். வந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஓதுவதும் நான் முனகுவதும் கொஞ்ச நேரத்தில் ஒரே மூச்சுக்கு வந்துவிட்டன. எப்போது விட்டது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது தெருவில் வளையல்காரர் கூவிக்கொண்டு போனார்.

"போயிடுச்சுங்களா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"அப்ப அந்த ரவிக்கைய எடுங்க. நாளன்னிக்கிக் கல்யாணம், பொண்ணு வூட்டுல காத்திருப்பாங்க."

எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.