மூன்றாம் நடைமேடைக்கு வாங்க

பேருந்து நிலையத்தில் அவருக்குப் பெயரே 'மைக்'தான். வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடமாக அறிவிப்பு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லிவருகிறார். காணாமல் போன பை, வழிதவறிய குழந்தை என்று ஊரார் சங்கதியெல்லாம் அவர் தொண்டை வழியாகத்தான் வெளியே வரும். சொந்த சங்கதி மட்டும் மூச்!

போன வருடம் அண்ணன் போன் செய்தார். "டேய், எனக்குப் புராஸ்டேட்ல புத்துநோயாம். கூடப் பொறந்தவனுக்கும் வர வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொல்றாரு. ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கடா."

"எனக்கென்னண்ணா, கல்லு மாதிரி இருக்கேன்."

"நானும் கல்லு மாதிரிதான்டா இருந்தேன்!"

பக்கத்தில் நின்று கேட்ட மனைவி, மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கெளம்புங்க." அதற்கு மேல் பேச்சேது?

புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் கூடியிருந்தது. "கூடினாலே புத்துநோய்னு இல்ல, பாத்துடுவோம்" என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். இருந்தது. ஆனால் புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டிப் போகவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து, சிறுநீர் அடங்காமல் சில வாரம் கூனிக்குறுகி, மூன்றாம் மாதம் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

இனிச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. டீ குடிக்கும் இடத்தில் ஓட்டுநர்களைப் பிடித்துக்கொண்டார். வண்டியை விரட்டுவதால் 'புயல்' என்று பெயரெடுத்த ஓட்டுநர் சிரித்தார்: "அந்த எடத்தையெல்லாம் எவன்யா போய்க் காட்டுவான்?"

"மொதல்ல வெறும் ரத்தம்தான்யா!"

மருத்துவமனைக்கு நடையாய் நடந்து, ஒரு சனிக்கிழமை முகாமுக்குச் சம்மதம் வாங்கினார். மூன்றாம் நடைமேடையில் மேஜை போட்டு ஒரு டாக்டரும் இரண்டு நர்ஸுகளும் எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது மணியாகியும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஆண்கள் முகாமின் அறிவிப்புப் பலகையைப் படித்ததும், வண்டி கிளம்பிவிட்டது போல நடையைக் கட்டினார்கள்.

மைக்குக்குப் பொறுக்கவில்லை. அறைக்குள் ஓடிப் பொத்தானை அழுத்தினார்.

"பயணிகள் கவனத்திற்கு. இது வண்டி அறிவிப்பு இல்ல. தினம் உங்களுக்கு வண்டி சொல்றவன் பேசுறேன். எனக்குப் புராஸ்டேட் புத்துநோய் வந்துச்சு."

நிலையமே நிமிர்ந்து பார்த்தது.

"வலி இல்ல, எரிச்சல் இல்ல, ஒண்ணுமே தெரியல. பொண்டாட்டி இழுத்துட்டுப் போனதால சீக்கிரம் தெரிஞ்சுது. அம்பது தாண்டின ஆம்பளைங்க மூணாம் நடைமேடைக்கு வாங்க. அப்பாவுக்கோ கூடப் பொறந்தவனுக்கோ இருந்தா நாப்பத்தஞ்சுலயே வாங்க. டாக்டர்கிட்ட கேளுங்க, கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வெக்கத்தைப் பாத்தா உசுரு தங்காதுய்யா!"

ஒரு பேருந்தின் ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் கிளம்பியது: "ஏங்க, காதுல விழுந்துச்சுல்ல? எறங்குங்க!"

நிலையம் முழுக்கச் சிரிப்பு. அந்தக் கணவர் அசடு வழிய இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், சட்டைக் கையை மடித்துக்கொண்டே புயல்! "குத்தும்மா. இவன் வாய அடைக்க வேற வழியில்ல." பிறகென்ன, வரிசை ஐந்தாம் நடைமேடையைத் தாண்டியது. மதியத்துக்குள் ரத்தம் பிடிக்கும் குப்பிகள் தீர்ந்து, இன்னும் கொண்டுவர மருத்துவமனை வண்டி ஓடியது. மொத்தம் நூற்றுமூன்று பேர்! மைக்கோ அறிவிப்பு அறைக்கும் வரிசைக்கும் பந்து போல் ஓடிக்கொண்டிருந்தார்.

அவர்களில் ஏழு பேரை மறுசோதனைக்கு அழைத்தார்கள். இரண்டு பேருக்கு நோய் இருந்தது, ஆரம்ப நிலையில். புயலுக்கு ஒன்றுமில்லை; ஜன்னலோரப் பெண்ணின் கணவருக்கு இருந்தது. தம்பதி இருவரும் வந்து அறிவிப்பு அறைக் கண்ணாடியைத் தட்டினார்கள்.

"அடுத்த வாரம் சிகிச்சைங்க. சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு!" என்று கணவர் மைக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவேயில்லை. அவர்களுடைய வண்டி ஹாரன் அடித்தது.

"இருய்யா, வர்றோம்!" என்று அந்தப் பெண் ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினாள். அவள் குரலுக்கு மைக்கே தேவையில்லை.