ஜன்னலோரச் சட்டம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் அரசியல் அறிவியல் தேர்வன்று, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் பனியில் மேகம்போல் மிதந்த விடியலில், எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஒரே ஒரு ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

"எழுந்துக்கம்மா, அது புள்ளத்தாச்சி சீட்டு. அடுத்த ஸ்டேஷன்ல ஸ்டெல்லா ஏறும்," என்றார் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் ஓர் அக்கா.

"எந்த அரசாங்கம் போட்ட சட்டம்?"

"நாங்க போட்டதுதான். இன்னா, போலீஸக் கூப்புடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். தண்டிக்க ஆளில்லாத சட்டம் சட்டமே இல்லை என்று படித்திருந்தேன். நான் எழவில்லை.

நிறைமாத வயிற்றோடு ஏறிய ஸ்டெல்லா என் புத்தகத்தைப் பார்த்தாள்.

"பரீட்சையா? அப்ப நீயே உக்காரு. பரீட்சைக்குப் போறவங்களுக்கும் ஜன்னல்தான். அது நம்ம சட்டம்."

"மொதல்லயே சொல்றதில்ல?" என்று என்னை அதட்டிய அக்கா, தன் இடத்தை ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துவிட்டு பங்காரப்பேட்டை தாண்டியும் நின்றுகொண்டே வந்தார்.

அரசு எப்படிப் பிறக்கிறது என்பதுதான் அன்றைய முதல் கேள்வி. புத்தகத்தில் இருந்ததையே எழுதினேன். ஆனால் 'நாங்க' என்ற சொல் 'நம்ம' என்று மாறிய அந்த நொடி, பாதித் தூக்கத்தில் கேட்டதுபோல் இன்னும் காதில் இருக்கிறது.

சென்ற வாரம் அதே பெட்டியில், ஜன்னலோர இடத்திலிருந்து எழச் சொன்னபோது, புதிதாக வந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள், "யார் போட்ட சட்டம்?"

"நம்ம சட்டம்தான்," என்றேன்.