பிரமிட் இல்லாத எகிப்து

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நவரட்ணத்தின் புளுகுக்கு எட்டு நிமிடம் ஆயுள் கிடைப்பதே பெரும்பாடு. அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்திலிருந்து அதை உடைத்துவிட அவருடைய மனைவி தவமணி இருந்தாள்.

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு உயரமான கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருவரும் குடியிருந்தார்கள். நவரட்ணத்துக்கு அட்டைப்பெட்டி செய்யும் ஃபக்டரி ஒன்றில் வேலை. அந்த வட்டாரத்தில் நவரட்ணம் என்ற பெயரில் இன்னும் சிலர் இருந்தபடியால், "எந்த நவரட்ணம்?" என்று கேட்டால் "புளுகர்" என்று சொல்வார்கள். உடனே விளங்கிவிடும். கனடாவுக்கு வந்த முதல் குளிரில் தன் மீசை உறைந்து, தும்மியபோது ஒரு பக்கம் ஒடிந்து விழுந்தது என்று சொன்னவர் அவர். ஊரில் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புவரை பெற்றோல் இல்லாமலே மொறிஸ் மைனரில் போனதாகவும் சொல்லியிருக்கிறார். வழி முழுக்க இறக்கமாம். யாருடைய குடியையும் கெடுக்கிற புளுகு அல்ல. கேட்டவர்கள் சிரித்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரிக்க எடுத்துக்கொண்டும் போனார்கள்.

தவமணியோ அரிச்சந்திரன் வீட்டில் பெண் எடுத்தது போல வந்து வாய்த்தவள். ஒருமுறை இந்தியாவுக்குப் போய்த் திரும்பியபோது, விமான நிலையத்தில் சுங்க அதிகாரி "சாப்பாட்டுச் சாமான் ஏதும் உண்டா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். அவள் கருவாடு, மிளகாய்த்தூள், முருங்கைக்காய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் கணவரின் பெட்டிக்குள் துவாயால் சுற்றியிருந்த போத்தலையும் காட்டிக்கொடுத்தாள். தங்கை இராசமலர் மில்லிக்கனில் புது வீடு வாங்கிக் குடிபூர்ந்த அன்று, எல்லோரும் வாய் நிறையப் பாராட்டிக்கொண்டு நிற்க, "வீடு வடிவுதான். கக்கூஸ்தான் சாப்பாட்டு மேசைக்கு நேரை வந்திட்டுது" என்றாள். அது உண்மையாக இருந்ததுதான் பிரச்சினை.

புளுகு இக்கட்டான இடத்துக்கு வரும்போதெல்லாம் நவரட்ணம் மனைவியை ஒரு பார்வை பார்ப்பார். 'ஒருக்கா ஓம் எண்டு சொல்லும், உமக்குப் புண்ணியமாப் போகும்' என்று கெஞ்சுகிற பார்வை. கலியாணம் கட்டிய நாள் முதல் அந்தப் பார்வைக்கு அவள் மசிந்ததில்லை. "பெற்றோல் இருந்தது. அடிச்சதுக்குக் காசு குடுத்தது நான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவாள்.

தொண்ணூற்றெட்டில் தவமணியின் தம்பி மகளுக்கு லண்டனில் கலியாணம் நடந்தது. இருவரும் போனார்கள். கலியாணம் முடிந்ததும் தம்பிக்காரன், அக்காவையும் அத்தானையும் சந்தோசப்படுத்த வேண்டும் என்று எகிப்தில் லக்சர் என்ற ஊருக்கு நாலு நாள் பயணம் ஒன்று எடுத்துக் கொடுத்தான். அதற்கு முந்திய வருடம் அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து பலபேர் செத்துப்போனதால் வெள்ளைக்காரர்கள் போகப் பயந்துகொண்டிருந்தார்கள். விமானமும் ஹோட்டலும் அடிமாட்டு விலைக்கு வந்திருந்தன.

"வெடி கிடி வைச்சாங்கள் எண்டால்?" என்று தவமணி கேட்டாள்.

"ஊரிலை ஆமி அடிச்ச செல் விழ விழச் சந்தைக்குப் போய் மீன் வாங்கின ஆக்கள் நாங்கள். அதுவும் விலை பேசி வாங்கினனாங்கள்" என்றார் நவரட்ணம். அது புளுகு இல்லையென்பதால் அவள் மறுக்கவில்லை.

லக்சரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆமிக்காரன்மேல்தான் விழ வேண்டும். விமான நிலையத்திலிருந்து போன பஸ் ஒரு காவலரணில் நின்றது. ஆங்கிலேயக் கிழவன் கிழவிகள் அப்படியே இருக்க, நவரட்ணமும் தவமணியும் மட்டும் இறங்கினார்கள். யாரும் இறங்கச் சொல்லவில்லை, ஊர்க் காவலரண்களில் இறங்கிப் பழகிய கால்கள் தாமாக இறங்கிவிட்டன. பாஸ்போட்டில் படம் உள்ள பக்கத்தை விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். காவலுக்கு நின்ற இளந்தாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சநேரம் முழித்துவிட்டு ஒரு சலூட் அடித்தான். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கிழவி அதைப் படமெடுத்தாள். திரும்பி ஏறியபிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நவரட்ணத்துக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருசத்துக்கு மேலாகக் கனடாவில் இருந்தும் கால் இன்னும் ஊரிலேயே நிற்கிறதே என்று கோபமும் வந்தது.

அடுத்தநாள் கார்னாக் கோயில். கூட்டிக்கொண்டு போன வழிகாட்டி ரமி என்ற மெலிந்த பெடியன். "இந்தத் தூண்கள் நூற்று முப்பத்துநாலு. நடுவில் நிற்கிற பெரிய தூணின் உச்சியில் ஐம்பது பேர் ஒன்றாக நிற்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். நவரட்ணம் மனதுக்குள் சிரித்தார். பாம்பின் கால் பாம்பறியும். 'தம்பி நல்லாத்தான் புளுகு அவிக்கிறான், ஆனால் ஐம்பது கூடிப்போச்சு, இருபது எண்டு சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும்' என்று ஒரு மூத்த தொழிலாளியாகக் குறை கண்டபடி தலையை நிமிர்த்தினார். நிமிர்த்திய தலை அப்படியே நின்றுவிட்டது. ஐம்பது பேர் நிற்கலாம். பாயும் போட்டுப் படுக்கலாம்.

பிறகு ஆற்றைக் கடந்து போய், மொட்டை மலைக்குள் குடைந்திருந்த ஒரு ராசாவின் கல்லறைக்குள் இறங்கினார்கள். படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே கமெராவை வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே முகடு முழுக்க ஒரு பெண்ணின் உடம்பு நீட்டி வளைத்து வரையப்பட்டிருந்தது. அவள்தான் ஆகாயம். பின்னேரத்தில் சூரியனை வாயால் விழுங்குவாள், அது இரவு முழுக்க அவளுடைய உடம்புக்குள்ளால் போகும், விடிய அதைத் திரும்பப் பெற்றெடுப்பாள். இதை எத்தனையோ ஆயிரம் வருசத்துக்கு முன்னே ஒருத்தன் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறான், ஒரு தேசமே நம்பியிருக்கிறது. நேற்றுப் பூசியது போல நீலமும் மஞ்சளும் மினுங்கின. நவரட்ணம் அண்ணாந்தபடி ஒரு சுற்றுச் சுற்றினார். எதைக் கண்டாலும் அதில் ஒரு முழம் கூட்டிப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். இங்கே கூட்டுவதற்கு ஒரு விரற்கடை இடம்கூட விட்டுவைக்காமல் செய்து முடித்திருந்தார்கள். கண் கலங்கியதை வியர்வை என்று துடைத்தார்.

"பிரமிட்டுகள் எங்கே?" என்று அவர் வெளியே வந்து கேட்டபோது ரமி சிரித்தான். அவை கெய்ரோப் பக்கம், ரயிலில் ஒரு இரவுப் பயணம். பிரமிட் கட்டினால் இதற்குள்தான் தங்கம் இருக்கிறது என்று கள்ளனுக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் பிறகு வந்த ராசாக்கள் மலைக்குள்ளே ஒளித்துப் புதைக்கச் செய்தார்கள் என்றான்.

"நல்லது. என்ரை முழங்காலுக்கு ரயில் சரிவராது" என்றாள் தவமணி.

அன்று மாலை நைல் நதிக்கரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நவரட்ணம் சொன்னார்: "இஞ்சரும், உந்த எகிப்துக் கதையை மட்டும் நான் உள்ளது உள்ளபடியே சொல்லப்போறன். ஒரு சொல்லும் கூட்டமாட்டன்."

"பாப்பம்" என்றாள் அவள். அவள் நம்பவில்லை. அவரோ விரதம் பிடித்தவர் மாதிரி உறுதியாக இருந்தார். வாழ்க்கையில் ஒரேயொரு முறை உண்மையைச் சொல்லி, அது உண்மை என்று நாலுபேர் தலையாட்டுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த இரண்டாம் ஞாயிறு, வீடியோ பார்க்க ஆட்களைக் கூப்பிட்டார். தவமணியின் தங்கை இராசமலர், அவளுடைய கணவர் அருள்நாயகம், மகள் அட்சயா, கட்டடத்து ஆட்கள் நாலைந்து பேர். சகலன் அருள்நாயகத்துக்கு நயாகராவைத் தாண்டிப் பயணம் கிடையாது. வருகிற விருந்தாளிகளையெல்லாம் அங்கேதான் ஏற்றி இறக்குவார். அதனால் நவரட்ணம் எகிப்துக்குப் போனது அவருக்குச் செமிக்கவில்லை.

தவமணி குசினிக்குள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். புகை போகிற காற்றாடியின் இரைச்சலில் அவளுக்குக் கூடத்துப் பேச்சு அரைகுறையாகத்தான் கேட்டது. கூடத்தில் கசெற் ஓடியது. பாதி நேரம் நவரட்ணத்தின் சப்பாத்துத்தான் படத்தில் வந்தது, கமெராவை நிறுத்த மறந்திருந்தார். மீதி தூண்கள், தூண்கள், ஆட்டுத்தலை வைத்த கற்சிலைகள்.

"வெயர் இஸ் த பிரமிட், பெரியப்பா?" என்று கேட்டாள் அட்சயா.

"அங்கை பிரமிட் இல்லைப் பிள்ளை."

அறை கொல்லென்று சிரித்தது.

"எகிப்திலை பிரமிட் இல்லையாம்! நயாகராவிலை தண்ணி இல்லை எண்டு சொல்லுங்கோவன் அண்ணை" என்றார் அருள்நாயகம்.

"எகிப்திலை இருக்கு. லக்சரிலை இல்லை. கள்ளருக்குப் பயந்து ராசாக்கள் மலைக்குள்ளை ஒளிச்சவங்கள்."

"கள்ளருக்குப் பயந்து ராசா ஒளிச்சவர்!" அருள்நாயகம் தொடையில் அடித்துச் சிரித்தார். "உது லண்டன் மியூசியத்திலை எடுத்த படம். கலியாணத்துக்குப் போன இடத்திலை எடுத்துப்போட்டு எங்களுக்கு எகிப்து காட்டுறியள். எங்கை, பாஸ்போட்டைக் காட்டுங்கோ பாப்பம்."

பாஸ்போட் பாங்க் பெட்டகத்தில் இருந்தது. ஊரில் காணி உறுதிப் பத்திரத்தை எப்படிப் பாதுகாத்தாளோ அப்படித் தவமணி இங்கே பாஸ்போட்டைப் பாதுகாத்தாள். வந்த மறுநாளே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எந்த பாங்க் திறக்கும்? அதைச் சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடியது. நவரட்ணம் தூணின் உச்சியில் ஐம்பது பேர் நிற்கலாம் என்றார், சிரித்தார்கள். சூரியனை விழுங்குகிற பெண்ணைப் பற்றிச் சொன்னார், இராசமலருக்குப் புரையேறிவிட்டது. இதுவரை அவர்கள் சிரித்தபோதெல்லாம் அவரும் கூடச் சிரித்திருக்கிறார். இன்றைக்கு அது நெஞ்சில் குத்தியது. பெற்றோல் இல்லாத காரை நம்பாவிட்டாலும் ரசித்தார்களே, இதை ரசிக்கவும் இல்லையே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தவமணியைக் கேளுங்கோ!" என்று எழும்பி நின்று கத்தினார். "அவ பொய் சொல்லமாட்டா எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே? அவவைக் கேளுங்கோ!"

"அது சரியான கதை" என்றார் அருள்நாயகம். "மச்சாள், ஒருக்கா வாங்கோ!"

தவமணி ரோல்ஸ் தட்டோடு வந்தாள். கூடத்தில் எல்லோரும் கணவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காது சிவந்து நின்றார். கண்ணில் அதே கெஞ்சல் பார்வை. முன்பெல்லாம் அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு விளையாட்டு இருக்கும். இன்றைக்கு அது இல்லை. மனுசன் அழுதுவிடுவார் போலிருந்தது.

"மச்சாள், நீங்கள் சொல்லுங்கோ. போன இடத்திலை பிரமிட் பாத்தனீங்களோ, இல்லையோ?"

நவரட்ணம் வெற்றி கிடைத்துவிட்டது என்று மூச்சை இழுத்து விட்டார். தவமணி அவரைப் பார்த்தாள், பிறகு அருள்நாயகத்தைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "பாத்தனாங்கள்."

நவரட்ணம் திரும்பி அவளைப் பார்த்தார்.

"பாத்தியளே!" அருள்நாயகம் கையைத் தட்டினார். "அப்பிடியெண்டால் சொல்லுங்கோ, எப்பிடி மச்சாள் இருந்தது?"

"பெரிசு."

"எவ்வளவு பெரிசு?"

புளுகுவது தவமணிக்குப் பழக்கமில்லாத வேலை. "நல்ல பெரிசு. மேலை... மேலை ஓடு போட்டிருக்கு."

"ஓடோ?" அருள்நாயகத்தின் புருவம் மேலே போனது. அட்சயா வாயைப் பொத்தினாள். எல்லோருடைய கண்களும் இப்போது தவமணியின்மேல் திரும்பின. 

'அவ பொய் சொல்லுறா, நான்தான் உண்மை சொன்னனான்' என்று ஒரு வசனம் நவரட்ணத்தின் தொண்டைவரை வந்து நின்றது. நாளைக்கு பாங்க் திறந்ததும் பாஸ்போட்டைக் கொண்டுவந்து முகத்தில் எறியலாம். ஊர் முழுக்க அவரை நம்பும். தவமணியை நம்பாது.

அவர் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"ஓடு இல்லையப்பா" என்றார். "அவ முழங்கால் ஏலாமல் தூரத்திலை நிண்டவ, வெயிலுக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும். ஏறினது நான். பிள்ளை அட்சயா, உங்கட சி.என். டவரைக் கொண்டுபோய்ப் பக்கத்திலை வைச்சால் ஊதுவத்தி. பாதி ஏறேக்கை முகில் வந்து சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. உச்சியிலை ஒருத்தன் குடை பிடிச்சுக்கொண்டு சோடா விக்கிறான். பாத்தால், எங்கட கொடிகாமத்துப் பெடியன்!"

அறை அதிர்ந்தது. அருள்நாயகம் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு, "இப்ப சரி. உந்தக் கதையை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார்.

எல்லோரும் போனபிறகு தவமணி கோப்பை கழுவினாள். நவரட்ணம் பக்கத்தில் நின்று துடைத்தார். அவளுடைய முகம் இன்னும் சிவந்திருந்தது, குமர்ப்பிள்ளை போல ஒரு வெட்கமும் அதில் தெரிந்தது.

"இஞ்சருங்கோ, நான் சொன்னது சரிதானே? நீங்கள் பிரமிட் பாத்தது எண்டுதானே கதை விட்டுக்கொண்டிருந்தனீங்கள்? காத்தாடிச் சத்தத்திலை எனக்கு வடிவாக் கேக்கேல்லை."

நவரட்ணம் ஒரு கோப்பையை நெடுநேரம் துடைத்தார்.

"ஓம்" என்றார். "வேறை என்னத்தைச் சொல்லப்போறன்."