பொய் ஏழு

“பொய் ஏழுக்குப் போங்க. இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிங்க” என்கிறார் கொளஞ்சியப்பன். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் அவருடைய ஸ்டூடியோவுக்கு முதன்முறை படம் பிடிக்க வருகிறவர்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். பழகினவர்கள் பேசாமல் போய்த் தரையில் இழுத்திருக்கும் சிவப்புக் கோட்டின் மேல் நின்றுகொள்வார்கள். கேமராவிலிருந்து அந்தக் கோடு சரியாகப் பத்தடி.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்பு, அறுபத்தெட்டில், பாண்டிச்சேரியில் ஒரு கடையில் புது லென்ஸ் வாங்கினார். எத்தனை அடி தூரத்தில் ஆள் நிற்கிறார் என்று பார்த்துத் திருப்புவதற்காக அதன் வளையத்தில் எண்கள் போட்டிருக்கும். ஐந்து, ஏழு, பத்து, பதினைந்து என்று போகவேண்டியது, இவருடையதில் ஐந்து, ஏழு, ஏழு, பதினைந்து என்று போகிறது. செய்தவன் கை அசந்துவிட்டது. அது தெரியாமல் எடுத்த முதல் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் புகைமூட்டமாகத் தெரிந்தார்கள். பின்னால் கட்டியிருந்த வாழைமரம் நரம்பு நரம்பாக விழுந்திருந்தது. பெண்ணின் தகப்பனார் அன்றைக்குக் கேட்ட கேள்விகள் எழுதத் தக்கவை அல்ல. பிறகு டேப்பு பிடித்து அளந்து கண்டுபிடித்து, முதல் ஏழுக்கு நல்ல ஏழு என்றும் அடுத்ததற்குப் பொய் ஏழு என்றும் பெயர் வைத்தார்.

வேறொருவர் என்றால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இவர் “செகண்ட்ஸுதானே, விலையைக் கொறச்சிக்கிங்க” என்று பேசி வைத்துக்கொண்டார். பீங்கான் ஊர்க்காரர் வேறெப்படிப் பேசுவார்? இங்கே நல்ல கோப்பை ரயிலேறிப் போய்விடும், காது கோணின கோப்பை செகண்ட்ஸ் என்று விலை குறைந்து ஊரோடு தங்கிவிடும். கொளஞ்சியப்பன் வீட்டில் ஆடாமல் நிற்கிற ஊறுகாய் ஜாடி ஒன்றுகூடக் கிடையாது. மனைவி அமிர்தம் பீங்கான் ஆலையில் கோப்பை விளிம்புக்குப் பொன்கோடு போடுகிறவர். ஜாடிகள் அவர் கொண்டுவந்தவை. செகண்ட்ஸ் விற்கவும் ஊரில் ஒரு முறை உண்டு. முதலில் குறையைக் காட்ட வேண்டும், பிறகுதான் விலை. மறைத்து விற்றவன் கடைப் பக்கம் மறுபடி யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கொளஞ்சியப்பனுக்கு இருக்கிற தீராத ஆசை ஒன்றுதான். சின்ன பிலிமிலிருந்து பெரிய படம் போடும் என்லார்ஜர் ஒன்று வேண்டும். இப்போது பெரிய படம் யார் கேட்டாலும் பிலிமைக் கடலூருக்கு அனுப்புகிறார். படம் நன்றாகத்தான் வரும். ஆனால் அதன் முதுகில் கடலூர்க்காரன் தன் கடை முத்திரையைக் குத்தி அனுப்புவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும்.

போன மாதம் சிதம்பரத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த டாக்டர் சக்கரபாணி அந்த ஆசைக்கு வழி திறந்தார். பழைய கேமரா, லென்ஸ் என்று சேர்த்துவைக்கிற பைத்தியம் அவருக்கு. கொளஞ்சியப்பனின் லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தவர் கீழே வைக்கவில்லை. தன் வீட்டில் சும்மா கிடக்கும் என்லார்ஜரைத் தருவதாகவும், பதிலுக்கு இதைக் கொடுக்கும்படியும் கேட்டார். சாதாரண லென்ஸ் ஒன்றும் கூடவே தருவாராம். ஊர் வழக்கப்படி கொளஞ்சியப்பன் முதலில் இரண்டு ஏழையும் தொட்டுக் காட்டினார். அது தெரிந்துதான் கேட்கிறேன் என்று டாக்டர் சிரித்தார். வியாழக்கிழமை காரில் கொண்டுவருவதாகப் பேச்சு.

அந்தச் சிரிப்பை இவர் பெரிய மனிதரின் தாட்சண்யம் என்று எடுத்துக்கொண்டார். குறை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு போகிறார், பாவம். பழுதில்லாத என்லார்ஜரை வாங்கிக்கொண்டு செகண்ட்ஸைத் தலையில் கட்டுவதா? முதல் நாள் புதன்கிழமை இதை அமிர்தத்திடம் சொன்னார். அமிர்தம் உப்புத்தாளால் பொய் ஏழைத் தடம் தெரியாமல் தேய்த்தெடுத்து, அந்த இடத்தில் தன் மெல்லிய தூரிகையால் பத்து என்று எழுதினார். கம்பெனிக்காரனே வெட்கப்படும்படி எழுதினார்.

வியாழனன்று டாக்டர் லென்ஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்த ஏழு எங்கங்க?”

“சரி பண்ணிட்டோங்க. தப்போட எப்படிங்க உங்ககிட்ட குடுக்கறது?”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரவில்லை, குரல்தான் இறங்கிப்போயிற்று. “நல்ல லென்ஸு எல்லாக் கடையிலயும் இருக்குதுங்க. இந்தத் தப்பு இது ஒண்ணுலதான் இருந்திச்சி. அதுக்குத்தான் நான் வந்தேன்.”

கொளஞ்சியப்பனுக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வாடியது, மறைக்கவில்லை. தன் எழுத்தைக் காட்ட வந்திருந்த அமிர்தம் தலை குனிந்து நின்றார். டாக்டர் வாசலில் நின்ற காரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்து, என்லார்ஜரை இறக்கச் சொல்லவும் முடியாமல் வேண்டாமென்று சொல்லவும் முடியாமல் திணறினார். “எறக்க வேணாங்க, அது நியாயமில்ல” என்று கொளஞ்சியப்பனே அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தார். டீ வரவழைத்தார். டாக்டரைக் கோட்டில் நிறுத்திப் படமும் ஒன்று எடுத்தார்.

வழியனுப்பக் கார் வரைக்கும் போனார். பின்சீட்டில் என்லார்ஜர் வெறுமனே சாய்ந்து கிடந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, அதன் கண்ணாடி இடிபடாதபடி அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார்.