அவள் கேட்காத படம்

1989-ஆம் வருஷம், கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. அப்போது நான் திருவண்ணாமலை டவுனில் ஒரு மாவு மில்லில் வேலை பார்த்தேன். வீடு அடி அண்ணாமலையில். கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவிக்கு ஆறாம் மாதம்.

டவுன் தியேட்டரில் ரத்தம் குடிக்கும் பேயைப் பற்றிய இங்கிலீஷ் படம் ஓடியது. மில்லில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், என்னைத் தவிர. "அவனை விடுங்கடா, படத்துல கதவு தொறந்தாலே இவன் லுங்கி நனைஞ்சிடும்" என்று மெஷின் ஓட்டுகிறவர் சொல்ல, மிளகாய் அரைக்க வந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன், கூச்ச சுபாவம். யாரிடமும் வாய் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது.

தனியாகப் போகப் பயம். மனைவியை அழைத்துப் போகலாம் என்றால், மாசமாக இருப்பவளைப் பேய்ப் படத்துக்கு அனுப்ப அம்மா சம்மதிக்க மாட்டார். அதனால் ஒரு பொய் சொன்னேன். அவள்தான் ஆசைப்படுகிறாள் என்றேன். கர்ப்பிணி கேட்டதை இல்லை என்று சொன்னால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள் எங்கள் பக்கம். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அவள் கொண்டையில் வேப்பிலைக் கொத்தைச் செருகி அனுப்பினார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேட்னி ஷோ. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சவப்பெட்டியிலிருந்து அந்த ஆள் எழுந்ததுமே நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் தோளைத் தட்டி, "போயிட்டான், தொறங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வரும் வழியெல்லாம் அதே சிரிப்புதான்.

இரண்டு மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். வீட்டாரிடம் அதைச் சொன்னபோது, படத்தில் இவள் பயந்து துள்ளியதில்தான் கொடி சுற்றியது என்றார் அம்மா. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்க, "வயித்துல புள்ளைய வச்சிக்கினு பேயப் பார்க்க ஆசைப்பட்டா பாரு" என்று அழுதார்.

ஆசைப்பட்டது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. மனைவி உள்ளே கட்டிலில் படுத்தபடி, திறந்திருந்த கதவு வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. என் தங்கை வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் மனைவிதான் கிளறினாள். வளையல் போட மட்டும் அவளைக் கூப்பிடவில்லை. வளையல் சத்தம் கேட்கக் கேட்க, சமையல்கட்டில் அடி பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் எந்த வளைகாப்புக்குப் போனாலும் கேட்காமலே உள்ளே போய்விடுவாள்.

2008-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படம் வந்தது. தமிழில் பேச வைத்திருந்தார்கள். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கண்ணை மூடாமல் பார்த்தேன். வௌவாலைக் கட்டிய கயிறு தெரிந்தது. ரத்தம் குங்குமத்தைக் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. இந்தக் கூத்துக்கா பயந்தேன் என்று திரும்பினால், அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் டிவியை நிறுத்தினேன்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லுங்க" என்றாள். "அன்னைக்கு நான் பயந்தேனா?"

பத்தொன்பது வருஷம் எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவளுக்கே எது நிஜம் என்று தெரியாமல் போய்விட்டது. அந்த நாளுக்கு என்னை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

"இல்ல. நீ சிரிச்சிக்கினு இருந்த. பயந்தது நான்தான். ஆசைப்பட்டதும் நான்தான்" என்றேன்.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. "உங்கம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே. இப்ப யாருகிட்ட போய்ச் சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு, மாடியில் காயும் துணியை எடுக்கப் போய்விட்டாள்.

அன்று ஆஸ்பத்திரியில் நின்ற பல பேர் இப்போது இல்லை. இருப்பவர்களில் இரண்டு பேரிடம் போய்ச் சொன்னேன். பழசை ஏன் கிளறுகிறாய் என்றார்கள். இப்போதும் ஒரு வளைகாப்பு வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கால் தானாகச் சமையல்கட்டுப் பக்கம் திரும்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஆண்களோடு பந்தலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் இனிச் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.