சீராக வந்த காரின் சைலன்சர்

என் மகளின் சடங்குக்கு என் அண்ணன் தன் காரையே தாய்மாமன் சீராகக் கொண்டுவந்து நிறுத்தினார். வாடிப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பானெட்டில் மாலை, முன்னால் கொட்டுமேளம். ஆனையூரில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. அவர் ஓட்டிய பழைய கார்தான். இருந்தாலும் எந்த அண்ணன் இவ்வளவு செய்வார்?

என் கணவர் மட்டும், "ஒரு தடவ மெக்கானிக்கிட்ட காட்டிருவமா?" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. தானம் வந்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பிறந்த வீட்டுச் சீரை எவளாவது ஆள் வைத்துச் சோதிப்பாளா? "உங்க வீட்டுல இருந்து ஒரு சைக்கிளாவது வந்துச்சா?" என்று கேட்டேன். அதோடு மெக்கானிக் பேச்சு நின்றது. பிறகு எந்தச் சண்டை வந்தாலும் அந்தக் காரை நடுவில் இழுத்து விடுவேன்.

போன மாசியில் அது டிராக்டர் மாதிரி அலற ஆரம்பித்தது. சைலன்சர் குழாயில் ஓட்டை. "கழட்டிக் குடுங்க, எங்க அண்ணனே பத்த வச்சுத் தருவாரு" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கி போட்டு, கட்டைகளை முட்டுக் கொடுத்து, என் கணவர் காருக்கடியில் நுழைந்தார். நான் வெளியே உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன. டீசல் விட்டு ஊறவைத்தோம். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி நெம்பினார். ஒன்றுக்குத் தலை மழுங்கியது, இன்னொன்று கழுத்தோடு முறிந்தது. கடைசியில் ஆக்ஸா பிளேடு வைத்து அறுக்க வேண்டியதாயிற்று. வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் குழாய் தடாலென்று விழுந்தது.

அவர் உடனே வெளியே வரவில்லை. கொஞ்சம் கழித்து, "நீ போயி மோர் கொண்டா" என்றார். நான் திரும்பி வந்தபோது குழாயைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டறைக்குப் போகிற இரும்புக்கு எதற்குச் சாக்கு என்று நானே பிரித்தேன்.

புகையைச் சுத்தம் செய்ய அந்தக் குழாயில் ஒரு டப்பா இருக்கும். உள்ளே விலை கூடிய உலோகம் என்பதால் அதை வாங்கவே ஆட்கள் அலைகிறார்கள். அந்த டப்பாவை அறுத்து எடுத்துவிட்டு, வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்திருந்தது. பற்றவைத்த தடம் முடிகிற இடத்தில் கொக்கி மாதிரி சின்னதாக ஒரு வளைவு. எங்கள் வீட்டு கேட்டிலும் மாடிப்படிக் கைப்பிடியிலும் ஒவ்வொரு இணைப்பிலும் அதே கொக்கி இருக்கிறது. எல்லாம் அண்ணன் செய்து கொடுத்தவை. வேறு யார் கையும் அப்படி முடிக்காது.

"பழைய வேல. எவன் செஞ்சானோ, விடு" என்றார் என் கணவர். அவருக்குப் பொய் சொல்ல வராது.

மேளம் கொட்டி, ஊரைக் கூட்டி, கூடப்பிறந்தவளையே ஏமாற்றியிருக்கிறார். அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, காரு சைலன்சரக் கழட்டுனோம்."

இவ்வளவுதான் சொன்னேன். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "மாப்ள பாத்துட்டாரா?" என்றார்.

திட்டுவதற்குத்தான் போன் போட்டேன்.

"இல்லண்ணே. அவரு பாக்கல" என்றேன். என் கணவர் மோர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தார்.