டாங்கி நிரம்பிய எட்டு சிலிண்டர் ஜீப்

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்றுதான் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த நாங்கள் தில்லையடியிலேயே தங்கிவிட்டோம். யுத்தம் முடிந்ததும் வாப்பாவும் உம்மாவும் தம்பியோடு மன்னாருக்கே திரும்பினார்கள். அவர்களிடம் போய்வர ஜீப் தேடினேன். பாலாவியில் இரண்டு விற்பனைக்கு நின்றன. ஒன்று ஆறு சிலிண்டர், மற்றது எட்டு.

"நமக்கு ஆறு போதும்தானே" என்றாள் மனைவி.

"காட்டுப் பாதையில மணலும் ஆத்துத் தண்ணியும். எட்டுதான் இழுக்கும்" என்று சொல்லி எட்டை வாங்கினேன். ஆறை எங்கள் தெருவிலேயே இருக்கும் மச்சான் வாங்கினார்.

பிறகு பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. ஆறோ எட்டோ, கிழமைக்கு ஒரு முறை, ஒரே அளவுதான் கொடுத்தார்கள். எட்டுதான் கூடக் குடித்தது.

அந்த நாட்களில்தான் வாப்பா மௌத்தானார். காட்டுப் பாதை வெள்ளத்தில் மூடிக் கிடந்தது. அடக்கத்துக்கு அனுராதபுரம் சுற்றிப் போனோம். மதவாச்சி தாண்டியதும் ஜீப் நின்றுவிட்டது. கெஞ்சியும் ஒருவரிடமும் பெற்றோல் இல்லை.

தம்பி போனில் அழைத்தான். "நானா, நீங்க எங்க? மச்சான் வந்திட்டார். இனியும் மையத்த வச்சிருக்க ஏலாது."

மச்சானுக்கும் அதே அளவு பெற்றோல்தான்.

"அடக்குங்க" என்றேன்.

இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் உம்மாவைப் பார்க்க நான் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். ஜீப்பை டாங்கி நிரப்பி முற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். உம்மாவுக்கும் வயதாகிறது. ஏன் ஓட்டாமல் வைத்திருக்கிறேன் என்று மனைவி கேட்பதில்லை.